தறி நிற்கும் நாளில் வந்து பாடு

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, அடுப்பு எரிகிறது, உன் நைனா தறியில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நேற்று உன் கடிதம் வந்தது. பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு ஆள் கேட்டார்கள், அமாவாசை கழிந்து வளர்பிறையில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள், சேரப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இனிமேல் பாட்டைப் பற்றி யாரும் உன்னிடம் பேசக் கூடாதாம். மூலையில் நிற்கும் தம்புராவை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். தறியை நிறுத்தாமலே கேட்டார். "ஏதோ ஒரு வேலைல உக்காந்தா சரி" என்றார். அவருக்குச் சரி. எனக்குச் சரியில்லை. அதனால்தான் உன் அக்கா மகளின் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவதை நீ நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடியும். அப்படியே படி. ஓடாதே. நீ எதிலும் ஓடுகிறவன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடை. உன்னை ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்தாயா? புடவையைத் தொட்டதும் கரை உடம்போடு கோர்த்து நெய்ததா, தனியாக நெய்து ஒட்டியதா என்று சொல்லிவிடுவாய். பட்டு நூலை முகர்ந்தே கலப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாய். அது நீ பிள்ளையார்பாளையத்தில், நெசவுக்காரர் நடுவில் பிறந்ததால் வந்தது. அதற்கு ஒரு கல்லூரி எதற்கு, ஒரு பட்டம் எதற்கு? பட்டத்தைப் பற்றியும் கடை முதலாளி கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். "கூட்டம் இல்லாதப்போ ஒரு பாட்டு எடுத்து வுடுப்பா, கடைக்குக் களையா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாராம். நீ அதைப் பெருமையாக எழுதினாயா, வயிற்றெரிச்சலோடு எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்த மாத்திரத்தில் கடிதத்தை மடித்து அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் இறைத்தேன். தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் திரும்பி வந்து மீதியைப் படித்தேன்.

உன்னைப் பாட்டுப் படிக்க அனுப்பியதற்காக இந்தத் தெருவில் நான் யார் யாரிடம் பேச்சு வாங்கினேன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். கோயில் திருவிழாவில் நீ தேவாரம் பாடியபோது பல்லக்குத் தூக்குகிறவர்களே கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். உன் சித்தப்பா மட்டும் இதே கூடத்தில் என் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டுப் படிச்சி இன்னா ஆவான் அண்ணி? கல்யாணத்துல பாடுவான், கருமாதியில பாடுவான். என் புள்ளையோட கைத்தறி டிப்ளமாவுல சேர்த்து வுடு, கால்சட்டை போட்டுக்கினு சொஸைட்டியில உக்காருவான்." நான் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். அவர் மகன் இன்று நெசவாளர் சொஸைட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறான், கால்சட்டை போட்டுக்கொண்டுதான். நம் வாசலைத் தாண்டும்போது மட்டும் அவன் சைக்கிள் மணி அதிகமாக அடிக்கிறது. எருமை குறுக்கே நிற்கிறதா, குழந்தை ஓடுகிறதா, ஒன்றும் இல்லை. எனக்காகத்தான் அடிக்கிறான். நீ புடவைக் கடையில் சேர்ந்த சேதி தெரிந்தால் அவன் இறங்கி வந்தே சொல்லுவான், "நல்லதாப் போச்சு பெரீம்மா" என்று. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு நீ எத்தனை வாசல் ஏறி இறங்கினாய் என்பதை நான் மறக்கவில்லை. நீ மறந்தால்கூட நான் மறக்கமாட்டேன். செங்கல்பட்டு வேலைவாய்ப்பு ஆபீசுக்கு நானும் உன்னோடு வந்தேன். பட்டம் வாங்கியவன் என்றதும் அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா மெயின்?" என்றார். "மியூசிக் சார்" என்றாய். "அது சரி தம்பி, டிகிரி இன்னாது?" என்றார். "அதான் சார் டிகிரி." பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "யோவ், பாட்டுக்கு டிகிரி குடுக்கறாங்களாம்யா, இத எதுங்கீழ எழுதறது?" என்று கேட்டார். அவர் தலையைத் தூக்காமலே, "இதரன்னு போடு" என்றார். உன்னை இதரவில் போட்டார்கள். நீ வெளியே வந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மற்ற தாய்மார்களின் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பெயரில் வரிசை இருக்கிறது, என் பிள்ளையைப் பழைய பானை சட்டியோடு சேர்த்து வைத்தது மாதிரி வைத்துவிட்டார்கள் என்று இருந்தது. அந்த வரிசையிலிருந்து இன்று வரை உனக்கு ஒரு கடுதாசியும் வரவில்லை.

அப்புறம் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம். பாட்டு வாத்தியார் வேலை என்று ஒன்று இருந்தால் அது பெண்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது, ஆண் பிள்ளைகளுக்குப் பாட்டு வேண்டாம் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். தலைமையாசிரியை அம்மா உன் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பினார். "பாடத் தெரியும்னு இதுல இருக்குதுப்பா. பாடம் நடத்தத் தெரியும்னு எங்க இருக்குது? அதுக்கு ட்ரெயினிங் சர்டிபிகேட் தனியா வாங்கணும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். கொஞ்சம் இழுத்து, "வாங்கினாலும் நாங்க லேடீஸத்தான் எடுப்போம். வயசுப் பொண்ணுங்க படிக்கிற இடம்" என்றார். உன் முகத்தைப் பார்த்துப் பெண்களுக்கு ஆபத்து என்று நினைக்க அந்த அம்மாளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. சான்றிதழ் ஒன்று குறைகிறது என்று கல்லூரியில் இருக்கும்போதே ஒருவரும் உனக்குச் சொல்லவில்லையே, அதுவும் எனக்குத் தீரவில்லை. தறியில் பாவு நூலை முழுவதும் ஓட்டி முடித்த பிறகு, சாயம் போடவில்லை என்று சொல்லுவார்களா?

வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாய். அதிலாவது நிலைப்பாய் என்று பார்த்தேன். ஜரிகை வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கு அடிப்படையிலிருந்து ஆரம்பித்தாய், அந்தப் பெண்ணுக்குக் குரலும் இருந்தது. ஒரு நாள் அவள் அப்பா உன்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "போதும் தம்பி, மாப்பிள்ள வூட்ல வந்து ஒரு பாட்டுதான் கேட்டாங்க. தட்டு மாத்தியாச்சி. இனிமே எதுக்கு?" என்றார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பாட்டு, அதுவும் பாதியில் "போதும்மா" என்று சொல்லி நிறுத்துவார்கள், அதற்காகத்தான் இந்த ஊரில் சங்கீதம் கற்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதே ஆள் போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். தம்புரா கிடைக்குமா என்று கேட்டார். அவர் பெண்ணைத் தம்புராவோடு உட்கார வைத்துப் போட்டோ எடுத்துச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். "சும்மாதானம்மா நிக்குது, தூசி படிஞ்சி" என்றார். "ரேடியோப் பெட்டி வெச்சி எடுங்களேன், அதுவும் பாடும்" என்று சொல்லி அனுப்பினேன். உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. நீ கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாலும் நான் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. தூசி மட்டும் துடைத்து வைத்தேன். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சபாவில் மத்தியானக் கச்சேரி தருகிறோம், டிக்கெட்டுப் புத்தகத்தை நீயே விற்றுக் கொடு என்றார்கள். சினிமாவில் கூட்டத்தோடு நின்று பாட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போய் வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, தொண்டை வறண்டு பஸ்ஸில் வந்தாய். இதையெல்லாம் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் இவர்களில் யாரும் உன்னைப் பாட்டை விட வைக்கவில்லை. உன்னை விட வைத்தது அந்த ரேடியோ நிலையம். அதைப் பற்றித்தான் நான் எழுத வந்தது. இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம், அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எழுதப் பிடிக்கவில்லை.

ரேடியோவில் குரல் தேர்வுக்குப் போய்விட்டு நீ வந்து நின்ற கோலம் எனக்குக் கண்ணில் நிற்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்தாய். நைனா தறியில் இருந்தார். "தாளம் நிக்கல, தகுதி இல்லைன்னுட்டாங்க" என்றாய். அப்புறம் அடுக்களைக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாய்: "அந்த ரூமுல சத்தமே இல்லம்மா. செவுத்துக்கெல்லாம் துணி ஒட்டி வெச்சிக்கிறான். கதவ மூடினதும் காது அடைச்சிக்கினு போச்சி. பல்லவி நல்லாத்தான் எடுத்தேன். அப்புறம் எனக்கே தெரியாம ஓட ஆரம்பிச்சிட்டேன்." நான் கேட்டேன், மிருதங்கக்காரர் என்னடா பண்ணினார் என்று. "அவரு இன்னாம்மா பண்ணுவாரு, நான் ஓடினேன், அவரும் பின்னாடியே ஓடி வந்தாரு" என்றாய். உன்னைத் திட்டித் தீர்த்தேன், அன்றிலிருந்து முகம் தெரியாத அந்த மனிதர்மேலும் எனக்குக் கோபம். ஒரு சின்னப் பிள்ளை பதறி ஓடினால் பெரியவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டாமா? கூடவே ஓடுவதா? வாசலில் அவர் உன் முதுகைத் தட்டி, "அடுத்த வருஷம் மறுபடியும் வாப்பா" என்று சொன்னதை நீ கிண்டலாக எடுத்துக்கொண்டாய். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வேறொன்று சொல்ல வேண்டும். நீ கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், ஆண்டு விழாவுக்கு என்னை வரச் சொன்னாய். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். உன் பாட்டு டீச்சர் அம்மா, அந்த மூக்குத்தி இரண்டு பக்கமும் போட்டவர், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்க பிள்ளைக்கு நல்ல சாரீரம்மா. ஆனா தறிச் சத்தத்தோடயே பாடறான். சத்தம் இல்லாத இடத்துல தனியா உக்காந்து பாடச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு தாய்மார்கள் என் புடவையையும் என் கையையும் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் "தறிதாம்மா எங்களுக்குச் சோறு போடுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் நின்று கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது உன்னிடம் என்ன சொன்னேன்? "நெசவுக்காரப் புள்ளன்னு குத்திக் காட்றாடா. அவ சொல்றத காதுல போட்டுக்காத" என்றேன். நீ என் பிள்ளை, போட்டுக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகு லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி பாடுவாய். நானும் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டு, அந்த டீச்சர் இப்போது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன அமாவாசை அன்று, கடைக் கடிதம் எல்லாம் வருவதற்கு முன்னால், நைனாவும் நானும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உனக்குத் தெரியும், அமாவாசை என்றால் நம் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அடுத்த வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் நமக்குக் கேட்கும். நான் சும்மா கேட்டேன், "அவன் ஏன் தாளம் விட்டான்?" என்று. நைனா பாக்கை மென்றுகொண்டே, "அவன் என் காலக் கேட்டுக்கினுதானடி பாடுவான். நான் தறி மிதிச்சா தாளத்துல நிப்பான், நான் நிறுத்தினா நிறுத்துவான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குப் பழையதெல்லாம் அப்போதுதான் வந்தது. சின்ன வயதில் நீ தறியில் கரைப்பக்கம் உட்கார்ந்து அவருக்கு எதிராக நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டே பாடுவாய். பாவில் ஒரு இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்துவார். உன் பாட்டும் நின்றுபோகும், சொல்லின் நடுவில்கூட. அவர் இழையை முடிந்துவிட்டு மிதித்ததும் விட்ட எழுத்திலிருந்து எடுப்பாய். தெருவே வந்து வேடிக்கை பார்த்துச் சிரிக்கும். உன் அக்கா, "பாட்டு அறுந்துபோச்சி நைனா, சீக்கிரம் முடி" என்பாள். நாங்கள் எல்லோரும் கொஞ்சினோமே தவிர, ஒருவருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

அந்த அமாவாசை மத்தியானம் முழுக்க நான் யோசித்துக்கொண்டே இருந்தேன், இவன் என்றைக்காவது அமாவாசையில் பாடியிருக்கிறானா என்று. ஒரு நாள்கூட இல்லை. தறிக்கு லீவு என்றால் உன் பாட்டுக்கும் லீவு. நைனா படுத்துத் தூங்குவார், நீ குளத்துக்கு ஓடிவிடுவாய். நெசவு வீட்டில் பிறந்தவனுக்குத்தான் இந்தப் பழக்கம் வரும், வேறு எந்தப் பாட்டுக்காரனும் அமாவாசைக்குத் தொண்டையை மூடி வைத்திருக்கமாட்டான். பட்டணத்தில் படிக்கும்போது உன்னை எங்கே தங்க வைத்தேன்? சைதாப்பேட்டையில் என் தங்கை வீட்டில். அங்கேயும் தறி. கல்லூரியில் எல்லோரோடும் சேர்ந்து பாடுவாய், டீச்சர் மேசையில் தட்டிக்கொண்டிருப்பார். ஆக, பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் காலோ கையோ உனக்காகத் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கதவை மூடிய அந்த ரேடியோ அறையில்தான் நீ முதல் முதலாகத் தனியாக நின்றாய். அந்த டீச்சர் அம்மா முதல் வருடமே இதைத்தான் சொல்லியிருக்கிறார். சொன்னது சரி. நாலு பேர் நடுவில் சொன்னது சரியில்லை, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு நீ கணக்குத் தீர்த்திருக்க வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்டு நான் சும்மா இருக்கவில்லை. உன் அக்கா வீட்டுக்காரர் மூலமாகத் தாமல் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேலை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அரை நாள் வேலை, காலையில் பிரார்த்தனைப் பாட்டு, அப்புறம் இரண்டு வகுப்புக்குப் பாட்டு, ஆண்டு விழாவுக்குப் பழக்க வேண்டும். ஆண் வாத்தியார் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள் என்றுகூடச் சொன்னார்கள். நீ என்ன சொன்னாய்? "நாலு வருஷம் படிச்சது பிரார்த்தனைப் பாட்டு சொல்லிக் குடுக்கவா?" என்று அக்கா முகத்துக்கு நேராகக் கேட்டாய். அவள் புருஷனிடம் போய்ச் சொல்ல முடியாமல் ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் இப்போது கேட்கிறேன். பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் பாட்டு சொல்லித் தருவது கேவலம், விரித்த புடவையைத் திரும்ப மடித்து அடுக்கி வைப்பது கௌரவம், இது எந்த ஊர் நியாயம்? தாமலில் உன்னைப் பாடத் தெரிந்தவன் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டணத்தில் உன்னைப் பட்டுத் தெரிந்தவன் என்று கூப்பிடுகிறார்கள். உனக்குக் கோபம் யார்மேலோ, அதற்காக உன் தொண்டையை நெரிக்கிறாய்.

நேற்று உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, பஸ் ஏறித் தாமலுக்குப் போனேன். திருப்புட்குழி தாண்டும்போது நடத்துனர், "ஆயா, தனியாவா போறே, எங்க எறங்கணும்?" என்றார். முழங்கால் வலியில் எனக்கு அவரையும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட மேனேஜர் வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிலபுலன் உள்ள மனுஷர், பேச்சைச் சுருக்கிக்கொள்கிறவர். "பையன் வருவானா மாட்டானா, அத மட்டும் சொல்லுமா. போன தடவ மாப்பிள்ளைய வுட்டுக் கேட்டதுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டான்" என்றார். "அவன் சின்னப் பையங்க, தெரியாம சொல்லிட்டான்" என்றேன். "பட்டம் வாங்கினவன் சின்னப் பையனா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டேன். உனக்காக நான் வாயை மூடிக்கொண்ட இடங்கள் குறைவு, இது அதில் ஒன்று. கடைசியில், "அமாவாசை கழிச்சி வர்ற திங்கக்கெழம நேர்ல வரச் சொல்லு. அந்த வாரந்தான் பள்ளிக்கூடம் தொறக்குது. அதுக்குள்ள வரலைன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஏரிக்கரைமேல் கொஞ்சம் நடந்தேன். தண்ணீர் கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தது. கொக்கு நின்றது. தறி இல்லை, ராட்டினம் இல்லை, பஸ் சத்தம்கூட அங்கே வரவில்லை. என் மூச்சு என் காதிலேயே கேட்டது. பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு சத்தமில்லாத இடத்தில் நான் தனியாக நின்றதே இல்லை. அப்போதுதான் நீ அந்த அறையில் எப்படி இருந்திருப்பாய் என்று தெரிந்தது. உன்னை அன்று அடுக்களையில் நான் திட்டியிருக்கக் கூடாது. மத்தியானத்துக்குமேல் உனக்கு அங்கே வேலை இருக்காது. கரையில் உட்கார்ந்து பாடலாம். கேட்க ஆள் இல்லை, தட்ட ஆள் இல்லை. ஒரு வருடம் அப்படிப் பாடு, சான்றிதழுக்கும் படி, பிறகு அந்த ரேடியோ நிலையத்துக்கு மறுபடியும் எழுதிப் போடு. அந்த மிருதங்கக்காரர் கிண்டலுக்குச் சொல்லவில்லை என்றே இப்போது நினைக்கிறேன், ஆனாலும் அவர் ஓடியது ஓடியதுதான். மறுபடியும் ஆகவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. ஆகும் என்று நான் சத்தியம் செய்து தர முடியாது. பாட்டுப் படித்தவனுக்கு இந்த ஊர் என்ன வைத்திருக்கிறது என்று நான்தான் பார்த்தேனே. பள்ளிக்கூட வாத்தியாராகவே இருந்துவிட்டுப் போ. அப்போதும் காலையில் எழுந்து பாடத்தான் போவாய், மடிக்கப் போகமாட்டாய்.

கடையில் சேர வேண்டாம் என்று நான் உத்தரவு போடவில்லை. போட்டால் நீ நிச்சயமாகச் சேருவாய், உன்னை எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அவர்கள் வளர்பிறையில்தானே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அமாவாசை வருகிறது. அன்று காலை முதல் பஸ்ஸில் இங்கே வா. தெருவில் ஒரு தறியும் ஓடாது. தம்புராவை எடுத்து வைத்திருப்பேன், ஒரு கம்பி தளர்ந்திருக்கிறது, அதை நீதான் பார்க்க வேண்டும். ரேடியோவில் பாடிய அதே பாட்டைக் கூடத்தில் உட்கார்ந்து பாடு. உன் அக்கா வந்தால் கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுகிறேன், அவளுக்குத் தொடையில் தட்டாமல் பாட்டுக் கேட்கத் தெரியாது.

நைனாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முதலில், "என் காலு இன்னாடி பாவம் பண்ணிச்சி?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தானாகவே வந்து, "அன்னிக்கி நான் காலு ரெண்டும் மடக்கி சம்மணம் போட்டு உக்காந்துக்கறேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவர் பெருவிரல் ஆடினால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஓடினால் ஓடு, மூச்சு வாங்கினால் நில், மறுபடியும் எடு. பொழுது சாயும்வரை எங்களுக்கு வேறு வேலை இல்லை. இந்த வீட்டில் யாரும் உன் பின்னால் ஓடி வரமாட்டோம். உட்கார்ந்த இடத்திலேயே இருப்போம்.